மணிப்பூர்க் கிராமத்திலிருந்து தேசிய அணிக்கு

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரை)



விதை, உரம், கிணறு, கடன் என்று இரண்டு நாட்களாகக் கேட்டு வந்த உங்கள் முன்னால் இன்று மாலை கால்பந்தைப் பற்றிப் பேச நாம் முற்பட்டிருப்பது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் வட்டாரத்தில் எந்த ஊருக்குச் சென்றாலும் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. "பையன் பொழுது சாயும்வரை பந்தை உதைத்துக்கொண்டு திரிகிறான், பந்து சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் இல்லாத வீட்டில் அந்தக் கேள்வி நியாயமானதே. அதற்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிடுவது எளிது, இரண்டும் உண்மையாகாது. ஆகையால் ஓர் இளைஞருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, வரவையும் செலவையும் பக்கத்தில் பக்கமாக எழுதிப் பார்ப்போம்.

அந்த இளைஞர் ஜீக்சன் சிங். மணிப்பூர் மாநிலத்தில் தௌபல் மாவட்டத்தைச் சேர்ந்த ஹாவோகா மமாங் என்ற கிராமத்தில் பிறந்தவர். பிறந்த தேதி 2001-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21-ஆம் நாள். இந்தத் தேதியை ஏன் இவ்வளவு துல்லியமாகக் கூறுகிறோம் என்பது சற்றுப் பின்னால் விளங்கும். தந்தையார் போலீஸ் இலாகாவில் பணிபுரிந்தவர், தாமும் கால்பந்து ஆடியவர். 2015-ஆம் ஆண்டில் அவரைப் பக்கவாதம் தாக்கியது, வேலை போயிற்று. அதன் பிறகு குடும்ப பாரம் தாயார் தலைமேல் விழுந்தது. சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இம்பால் நகரச் சந்தைக்குச் சென்று காய்கறி விற்று அவர் வீட்டைக் காப்பாற்றினார். கூடையைத் தலையில் சுமந்து முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் தாய்மார்களை நம் ஊர்களிலும் காண்கிறோமாதலால், அந்த வீட்டின் நிலையை அதிகம் வர்ணிக்க வேண்டுவதில்லை.

மணிப்பூர் பெரிய மாநிலமன்று. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் 28 லட்சத்து 56 ஆயிரம் பேர் மட்டுமே. நம் மாநிலத்தில் அதைவிட அதிக ஜனத்தொகை கொண்ட தனி மாவட்டங்கள் உண்டு. இருந்தபோதிலும், 2017-ஆம் ஆண்டில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூர்க்காரர்கள். இதற்கு அந்த மக்களின் உடல்வாகு காரணம் என்று சிலர் சொல்லுவர். நாம் அதை ஏற்கவில்லை. அங்கே 'லைக்காய்' என்று வழங்கும் ஒவ்வொரு குடியிருப்பும் தனக்கென ஒரு சங்கத்தை வைத்திருக்கிறது. ஆடுவதற்கு ஓர் இடமும், ஆட்டத்தைப் பார்க்கத் திரளும் பெரியவர்களும் இருக்கிறார்கள். பையன் நன்றாக ஆடினால் அது அவன் தந்தைக்கு மட்டுமல்லாமல் தெருவுக்கே தெரிகிறது. நம் ஊர்களில் பஜனை மடத்தையும் கோயில் திருவிழாவையும் ஊரார் பொறுப்பாகக் கருதி நடத்துவதைப் போல, அங்கே பந்தாட்டத்தையும் ஊர்ப் பொறுப்பாகக் கருதுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஜீக்சன் பத்துப் பதினோரு வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். சென்ற இடம் சண்டிகார். சாலை வழியே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிரயாணம். மொழி வேறு, உணவு வேறு, குளிர் வேறு. அங்குள்ள கால்பந்துப் பயிற்சிக் கழகத்தில் தங்குமிடமும் உணவும் பள்ளிப் படிப்பும் கிடைத்தன. அதே கிராமத்தைச் சேர்ந்தவரும் அவருக்கு உறவினருமான அமர்ஜித் சிங் கியாம் என்பவரும் அங்கேதான் பயின்றார். அவருடைய தாயார் இம்பால் சந்தையில் மீன் விற்றவர். சொந்தக்காரப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தது இருவருக்கும் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதைப் பிள்ளைகளை விடுதியில் விட்டுத் திரும்பிய பெற்றோர் அறிவார்கள். பிற்பாடு ஜீக்சன் பஞ்சாபிலுள்ள மினர்வா என்ற சங்கத்தின் இளைஞர் பயிற்சிக் கூடத்துக்கு மாறினார்.

இங்கே தேசிய இளைஞர் அணி என்பது யாது என்று சிறிது விளக்குவது அவசியமாகும். நெற்பயிருக்கு நாற்றங்கால் எப்படியோ, அப்படியே கால்பந்துக்கு வயது வாரியான அணிகள். 17 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர், 23 வயதுக்குட்பட்டோர் எனப் படிப்படியாக அணிகள் உள்ளன; எல்லாவற்றுக்கும் மேலே வயது வரம்பில்லாத பெரிய அணி இருக்கிறது. நாற்றங்காலில் செழித்த நாற்றெல்லாம் நடவு வயலில் வேர் பிடித்துவிடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததன்று. அதே சமயம், நாற்றங்காலில் நாள் கடந்த நாற்றைச் சின்ன நாற்று என்று கட்டி விற்பவரும் உண்டல்லவா? கால்பந்திலும் அந்தக் கோளாறு இருக்கிறது. 19 வயதுப் பையனை 16 வயது என்று சான்றிதழ் எழுதிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவன் உயரத்தாலும் வலிமையாலும் உண்மையான 16 வயதுப் பையனைத் தள்ளிவிட்டு இடம் பிடிப்பான். பெரிய அணிக்குப் போகும் நாளில் அந்தச் சாதகம் இல்லாமற் போய் மங்கிவிடுவான். இதனால் இரண்டு பிள்ளைகள் கெடுகிறார்கள்.

இந்த மோசடியைத் தடுக்க உலகக் கால்பந்துச் சம்மேளனம் 2009-ஆம் ஆண்டில் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையிலிருந்து ஒரு பரிசோதனையைக் கையாண்டு வருகிறது. எம்.ஆர்.ஐ. கருவியால் மணிக்கட்டைப் படம் பிடிக்கிறார்கள். முன்கை எலும்பின் நுனியில் வளரும் பாகம் முற்றிலும் மூடி ஒன்றாகிவிட்டிருந்தால் அந்தப் பையன் 17 வயதைத் தாண்டியவன் என்று ஏறக்குறைய நிச்சயமாகக் கூறிவிடலாம். 2017-ஆம் ஆண்டுப் போட்டிக்கு 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்திருக்க வேண்டும் என்பது விதி. இங்கே ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டுமென்று சட்டம் கூறுகிறது. 'பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் ஒரு தேதி எழுதிக்கொள்வார்' என்று விட்டுவிடும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. அவ்வாறு எழுதப்பட்ட தேதி பிறகு எந்த வாசலில் போய் முட்டும் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. விளையாட்டில் மட்டுமன்று, உத்தியோகத்திலும் இதே தொல்லைதான்.

திரும்ப ஜீக்சனிடம் வருவோம். உலகக் கோப்பையை நடத்தும் நாடு என்ற முறையில் இந்தியாவுக்கு 2017-ஆம் ஆண்டில் இடம் கிடைத்தது. பந்தி வைக்கும் வீட்டாருக்கு இலை போடாமல் இருப்பார்களா? தகுதிப் போட்டியில் வென்று பெற்ற இடமன்று அது. ஆதலால் மானம் காக்கும் கவலை மிகுதியாக இருந்தது. சில ஆண்டுகளாகவே நாடெங்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பயிற்சி அளித்து வந்தார்கள். ஆனால் தொடக்கத்தில் அந்த அணியில் ஜீக்சனுக்கு இடமில்லை. அவர் மினர்வாவில் ஆடிக்கொண்டிருந்தார். 2017-ஆம் ஆண்டில் போர்ச்சுகல் நாட்டவரான லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் தேசிய இளைஞர் அணியின் பயிற்சியாளராக வந்தார். அந்த அணிக்கும் மினர்வா இளைஞர் அணிக்கும் நடந்த பயிற்சி ஆட்டத்தில் மினர்வாப் பையன்கள் வென்றுவிட்டார்கள். பயிற்சியாளர் இதை அவமானமாகக் கருதவில்லை; வென்றவர்களிலிருந்தே சிலரை அழைத்துத் தம் அணியில் சேர்த்துக்கொண்டார். அவ்வாறு வந்தவர்களுள் ஜீக்சன் ஒருவர், அன்வர் அலி மற்றொருவர். பட்டியல் முடிந்துவிட்டது என்று கதவைச் சாத்தாமல், கடைசி வேளையிலும் தகுதியைக் கண்டு இடம் கொடுத்த அந்தப் பயிற்சியாளரின் குணம் நம் போன்ற அதிகாரிகள் கவனிக்கத்தக்கது.

இன்னொரு செய்தி உறுப்பினர்களாகிய உங்களுக்குப் பிடிக்கும். அணித் தலைவரைப் பயிற்சியாளர் தாமாக நியமிக்கவில்லை. பையன்களையே வாக்களிக்கச் சொன்னார். அதில் முதலாவதாக வந்தவர் நாம் முன்னே குறிப்பிட்ட அமர்ஜித். மீன் விற்ற தாயின் பிள்ளை, தோழர்கள் அளித்த வாக்கினால் நாட்டு அணிக்குத் தலைவரானார்.

போட்டி 2017 அக்டோபர் 6-ஆம் தேதி தொடங்கியது. புது டில்லி, நவி மும்பை, கௌஹாத்தி, கொச்சி, கோவா, கல்கத்தா ஆகிய ஆறிடங்களில் 24 நாடுகள் ஆடின. மொத்தம் 13,47,133 பேர் நேரில் வந்து பார்த்தனர் என்பது கணக்கு. அந்த வயதினர் போட்டி வரலாற்றில் அதற்கு முன் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. இந்தியாவின் மூன்று ஆட்டங்களும் டில்லி ஜவாஹர்லால் நேரு அரங்கில் நடந்தன. முதலாவதில் அமெரிக்காவிடம் மூன்று கோல் வித்தியாசத்தில் தோல்வி.

அக்டோபர் 9-ஆம் தேதி இரண்டாவது ஆட்டம், கொலம்பியாவுக்கு எதிராக. முற்பாதியில் நம் பையன்கள் சளைக்காமல் நின்றார்கள். கேரளத்தைச் சேர்ந்த ராகுல் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது; ஒரு சாண் இப்பால் வந்திருந்தால் கதையே வேறு. இடைவேளைக்குப் பின் கொலம்பியா ஒரு கோல் போட்டது. ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்தன. 82-ஆவது நிமிஷத்தில் இந்தியாவுக்கு மூலை உதை கிடைத்தது. பெங்களூர்ப் பையன் சஞ்சீவ் ஸ்டாலின் பந்தை வளைத்து உயர்த்தி அனுப்பினார். ஆறடிக்கு மேல் உயரமுள்ள ஜீக்சன், கூட்டத்துக்கு மேலெழும்பித் தலையால் முட்டினார். பந்து வலைக்குள் சென்றது. உலகக் கால்பந்துச் சம்மேளனம் நடத்தும் உலகக் கோப்பை எதிலும், எந்த வயதினர் அணியிலும், இந்தியர் ஒருவர் போட்ட முதல் கோல் அதுதான். அதற்கு முன் 1956-ஆம் ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடமும், 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியத் தங்கமும், 1974-ஆம் ஆண்டு ஆசிய இளைஞர் போட்டியில் ஈரானோடு கூட்டாகக் கோப்பையும் பெற்ற நாடு நம்முடையது. ஆயினும் உலகக் கோப்பையின் ஏட்டில் நம் பெயருக்கு எதிரே அன்றுவரை ஒரு கோல்கூட எழுதப்படவில்லை.

அரங்கம் முழுவதும் எழுந்து ஆரவாரித்தது. அந்த ஆரவாரம் அடங்குமுன், அடுத்த நிமிஷத்திலேயே, கொலம்பியா மறுபடி ஒரு கோல் போட்டு வென்றுவிட்டது. மகிழ்ச்சிப் பெருக்கில் நம்மவர் தத்தம் இடத்துக்குத் திரும்பி நிலைகொள்ளாத தருணம் அது. அறுவடை முடிந்து நெல் களத்தில் கிடக்கும்போதுதான் மேகத்தைப் பார்க்க வேண்டும் என்று விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 16 வயதுப் பையன்களுக்கு அது அன்றுதான் தெரிந்தது. மூன்றாவது ஆட்டத்தில் கானா நாட்டிடம் நான்கு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். போட்டது ஒன்று, வாங்கியது ஒன்பது. கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்; அந்த ஒன்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்பதை விட்டுவிடுகிறார்கள், ஒன்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்.

உலகக் கோப்பை முடிந்ததும் பெரும்பாலும் என்ன நடக்கும்? மாலை, பொன்னாடை, புகைப்படம். பிறகு பிள்ளைகள் கலைந்துபோவார்கள். இம்முறை அவ்வாறு விடவில்லை. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அவர்களில் பலரை 'இந்தியன் ஏரோஸ்' என்ற அணியாகச் சேர்த்து வைத்து, வளர்ந்தவர்கள் ஆடும் ஐ-லீக் போட்டியில் இறக்கியது. 2017 நவம்பர் 29-ஆம் தேதி அவர்களுடைய முதல் ஆட்டம்; எதிரே நின்றது நம் சென்னை சிட்டி அணி. பையன்கள் 3–0 என்று வென்றார்கள். நமக்கு வருத்தந்தான், ஆனாலும் அவர்களைப் பாராட்டாமலிருக்க முடியாது. அந்தப் பருவம் முடிந்தபோது ஏரோஸ் பத்து அணிகளில் கடைசி இடத்தில் நின்றது. ஜீக்சனை அந்த அணிக்கு அனுப்பிவைத்த மினர்வாவோ அதே ஆண்டில் ஐ-லீக் கோப்பையை வென்றது! கோப்பை வெல்லும் அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைவிட, தோற்கும் அணியில் வாரந்தோறும் தொண்ணூறு நிமிஷம் ஓடுவது பதினேழு வயதுக்கு நல்லது என்பது நம் அபிப்பிராயம். இதில் மாறுபடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பின்னர் ஜீக்சன் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியில் சேர்ந்தார். முதலில் துணை அணி. 2019 அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீகில் முதல் ஆட்டம். நடுக்களத்தில் நின்று எதிரியின் பந்தைப் பறித்து முன்வரிசைக்குக் கொடுப்பது அவர் வேலை. கோல் போடுகிறவர் பெயர் பத்திரிகையில் வரும். இந்த வேலைக்காரர் பெயர் வருவது அபூர்வம். வாய்க்காலில் மடை திருப்புகிறவருக்கு யார் மாலை போடுகிறார்கள்? எனினும் 2020 டிசம்பரில் ஈஸ்ட் பெங்கால் அணிக்கெதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் தலையால் முட்டிச் சமன் செய்ததை ரசிகர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2021 மார்ச் 25-ஆம் தேதி துபாயில் ஓமான் நாட்டுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் முதன்முறையாக வயது வரம்பில்லாத தேசிய அணியில் இறங்கினார். அன்று இந்தியாவுக்காகப் புதிதாக இறங்கியவர்கள் பத்துப் பேர். 2021-இலும் 2023-இலும் தெற்காசியக் கோப்பை வென்ற அணியில் அவர் இருந்தார். 2022-இல் கேரள அணி சூப்பர் லீக் இறுதி ஆட்டம்வரை சென்று ஹைதராபாத்திடம் தோற்றது.

2023 மே மாதத்திலிருந்து அவருடைய மாநிலம் கலவரத்தில் சிக்கித் தவித்தது. ஜூலை 4-ஆம் தேதி பெங்களூரில் கோப்பை வென்ற அன்று அவர் தம் மக்களின் எழுவண்ணக் கொடியைத் தோளில் போர்த்தி நின்றார். அது விவாதத்துக்குள்ளாயிற்று. யாருடைய மனத்தையும் புண்படுத்துவது நோக்கமன்று, அமைதி வேண்டுமென்பதில் நாட்டின் கவனத்தை ஈர்க்கவே அவ்வாறு செய்ததாக அவர் விளக்கம் கூறினார். அதைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. வெற்றி நாளில்கூட அந்த இளைஞர் மனம் வீட்டில் இருந்தது என்பதை மட்டும் அறிகிறோம்.

2024-ஆம் ஆண்டில் அவர் கல்கத்தாவின் பழம்பெரும் சங்கமான ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினார். அதற்காக ஒரு சங்கம் மற்றொரு சங்கத்துக்குக் கொடுத்த தொகை மூன்று கோடி ரூபாய்க்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. ஆக, பந்து சோறு போட்டது, சந்தேகமில்லை.

ஆனால் இந்தத் தொகையைக் கேட்டதும் மகனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி மைதானத்துக்குத் துரத்த நினைக்கும் தந்தையிடம் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த 21 பேரில் தேசியப் பெரிய அணிவரை சென்றவர்கள் சிலரே. வேறு சிலர் சங்கங்களில் நல்ல சம்பளத்துக்கு ஆடுகிறார்கள். காயத்தால் பின்னடைந்தவரும், பெயர் மறைந்துபோனவரும் உண்டு. 2018 ஆகஸ்டில் ஸ்பெயின் நாட்டில் நடந்த போட்டியில் நம் 20 வயதுக்குட்பட்டோர் அணி, ஓர் ஆட்டக்காரர் வெளியேற்றப்பட்டுப் பத்துப் பேருடன் நின்றும், அர்ஜென்டினாவை 2–1 என்று தோற்கடித்தது. இரண்டாவது கோலை உதைத்தவர் மினர்வாவிலிருந்து ஜீக்சனோடு வந்த அன்வர் அலி. அதற்கு அடுத்த ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் அவருக்கு இருதயத் தசை தடித்திருக்கும் நோய் இருப்பது தெரிந்தது. ஆட்டம் நின்றது. 19 வயதில், வேறு தொழில் கற்காத ஒரு பையனுக்கு அது எப்பேர்ப்பட்ட இடி! விஷயம் நீதிமன்றம்வரை சென்றது. நிபுணர்களின் ஆலோசனைக்குப் பிறகு 2021-இல் அவர் திரும்ப ஆடத் தொடங்கினார்; பெரிய அணியிலும் இடம் பெற்றார். எல்லோருக்கும் இப்படி நல்ல முடிவு வாய்த்துவிடாது. ஆகவே, ஓடி ஆடும் பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் ஒருமுறை காட்டி நெஞ்சைப் பரிசோதிக்கச் செய்வது வீண் செலவன்று. ஓடும்போது மயக்கம், நெஞ்சு வலி என்று பிள்ளை சொன்னால், சோம்பல் என்று எண்ணி விரட்டாதீர்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022-ஆம் ஆண்டில் 17 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பையையும் இந்தியா நடத்தியது. இந்திய அணியின் தலைவி ஜார்க்கண்டு மாநிலம் கும்லா மாவட்டம் பிஷுன்பூர் வட்டாரத்துப் பழங்குடிப் பெண்ணான அஷ்டம் ஒராவ்ன். ஊருக்குச் சாலை கிடையாது. பெண் தலைவியானதும், பத்திரிகைக்காரர்கள் தேடி வரத் தொடங்கியதும், அவசரமாகச் சாலை போட்டார்கள். அந்தச் சாலை வேலையில் தினக்கூலிக்கு மண் சுமந்தவர்களுள் அந்தப் பெண்ணின் பெற்றோரும் இருந்தார்கள். மகள் ஆடுவதைப் பார்க்க வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் வந்தது. வட்டார அதிகாரிகளாகிய நாம் இந்தச் செய்தியைப் படித்தபோது சிரிப்பதா, தலை குனிவதா என்று விளங்காமல் இருந்தோம். புவனேஸ்வரத்தில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் நம் பெண்கள் தோற்றார்கள். அமெரிக்காவிடம் மட்டும் எட்டுக் கோல். ஆனால் அதற்குப் பிறகும் அந்தச் சாலை இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் மற்றப் பிள்ளைகள் அதில் நடக்கிறார்கள்.

இனி, பிள்ளையை வெளியூர்ப் பயிற்சிக் கூடத்துக்கு அனுப்ப எண்ணும் பெற்றோர் கவனிக்க வேண்டியவற்றைக் கூறுகிறோம். 'உங்கள் மகனை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறேன், இவ்வளவு முன்பணம் கொடுங்கள்' என்று வருகிற தரகரை நம்பவே வேண்டாம். 18 வயது நிறையாத ஆட்டக்காரரை நாடு விட்டு நாடு மாற்றுவதை, சில விலக்குகள் தவிர, உலகச் சம்மேளனத்தின் விதி தடுக்கிறது. 18 வயதுக்குட்பட்டவரோடு செய்யும் தொழில்முறை ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு மேற்படக் கூடாது என்பதும் அதே விதிகளில் உள்ளது. ஆறு ஆண்டுக்குக் கையெழுத்துக் கேட்கும் காகிதம் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் அது காகிதமே. பத்திரம் படிக்காமல் நிலம் வாங்காத நீங்கள், பத்திரம் படிக்காமல் மகனைக் கொடுக்கலாமா? பயிற்சிக் கூடத்தில் பள்ளிப் படிப்பு உண்டா, விடுதியில் இரவு யார் பொறுப்பு, காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மாற்றுச் சான்றிதழ் உடனே கிடைக்குமா என்று நேரில் போய்க் கேளுங்கள். கேட்பதால் பிள்ளைக்கு இடம் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளும் இடத்தில் பிள்ளையை விடாமலிருப்பதே மேல்.

ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு லாபச் செய்தி உண்டு. ஓர் ஆட்டக்காரர் ஒரு நாட்டுச் சங்கத்திலிருந்து மற்றொரு நாட்டுச் சங்கத்துக்குப் பணத்தின் பேரில் மாறும்போது, 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவரைப் பயிற்றுவித்த சங்கங்களுக்கு அந்தத் தொகையில் 5 சதவீதத்தைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்று உலக விதி கூறுகிறது. ஆனால் சங்கம் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். பையனும் அதில் பதிவாகியிருக்க வேண்டும். டீக்கடை பெஞ்சில் தொடங்கி அங்கேயே முடிந்துபோகும் சங்கத்துக்கு ஒரு காசும் கிடையாது. இது கையில் கிடைக்கும் பணம் என்று சொல்லவில்லை. மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் பெயரைப் பதிந்து வைப்பதற்கு இன்னுமொரு காரணம் என்றே சொல்கிறோம்.

கடைசியாக மைதானம். பெரியவர்கள் ஆடும் முழு அளவு மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நம் கணக்கில் சுமார் 176 சென்டு. சுற்றிலும் ஓடச் சிறிது இடம் விட்டால் இரண்டு ஏக்கர். 'இரண்டு ஏக்கருக்கு எங்கே போவது?' என்று உறுப்பினர்கள் கேட்பீர்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முழு மைதானம் தேவையில்லை. பக்கத்துக்கு ஏழு பேர் ஆட அதில் பாதிக்கும் குறைந்த இடம் போதும். பந்திலும் அளவு உண்டு. சிறுவர்களுக்கு நான்காம் எண் பந்து, பெரியவர்களுக்கு ஐந்தாம் எண் பந்து. 410 முதல் 450 கிராம்வரை எடையுள்ள ஐந்தாம் எண் பந்தை எட்டு வயதுக் குழந்தையிடம் கொடுத்து உதைக்கச் சொல்வது, கன்றுக்குட்டியை ஏரில் பூட்டுவது போலாகும்.

பல ஊர்களில் புறம்போக்கு நிலம் இருக்கிறது. சீமைக்கருவேல முள் இருக்கிறது. சில இடங்களில் ஓரமாக ஒருவர் வேலி கட்டிக் கொஞ்சங் கொஞ்சமாக நகர்ந்துகொண்டும் இருக்கிறார். அவர் யார் என்று நாம் கேட்கவில்லை, உங்களுக்குத் தெரியும். அறுவடைக் காலத்தில் அந்த இடத்தில் நெல் காயப் போட வேண்டுமென்றால் போடுங்கள். பையன்கள் பதினைந்து நாள் பொறுத்துக்கொள்வார்கள். மற்ற நாட்களில் அது அவர்களுக்கு வேண்டும். பெண் பிள்ளைகளுக்கென்று மாலையில் ஒரு மணி நேரத்தை ஊராரே ஒதுக்கிக் கொடுத்தால், பின்னால் சண்டை வராது. எந்தெந்த ஊரில் எத்தனை சென்டு இடம், அதன் சர்வே எண் என்ன என்று எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முதலில் எழுதிக் கொடுக்கும் ஐந்து ஊர்களுக்கு, மழை தொடங்குமுன் சர்வேயரையும் அழைத்துக்கொண்டு நாமே வந்து அளந்து பார்க்கிறோம்.